இந்தப் படம் எந்தப் பக்கம்? இஸ்ரேல்–பாலஸ்தீன ஆவணப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஆவணப்படம் என்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்து பார்க்கிறோம். வேறு எந்த நாட்டுப் படம் என்றாலும் விளக்கு எரிந்ததும் கேமராவைப் பற்றியோ கதையைப் பற்றியோ பேச்சு தொடங்கும். இஸ்ரேல்–பாலஸ்தீனப் படம் என்றால் மட்டும் முதல் கை உயர்வதே “இது ஒருதலைப்பட்சம் இல்லையா?” என்று கேட்கத்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தப் படங்களெல்லாம் ஒருதலைப்பட்சமானவைதானே?

பெரும்பாலானவை ஆமாம். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

‘5 புரோக்கன் கேமராஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இமாத் புர்னாத் மேற்குக் கரையில் பில்இன் கிராமத்துக்காரர். 2005இல் நான்காவது மகன் பிறந்தபோது, குழந்தையைப் படம் பிடிக்க ஒரு கேமரா வாங்குகிறார். அதே நேரத்தில் ஊர் நிலத்தை வெட்டிக்கொண்டு இஸ்ரேலின் தடுப்பு வேலி வருகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஊரே போராடப் போகிறது, கேமராவும் கூடவே போகிறது. கண்ணீர்ப் புகைக் குண்டு, துப்பாக்கிக் குண்டு, விபத்து என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேமராக்கள் உடைகின்றன. உடைந்தவற்றை அவர் மேசையில் வரிசையாக வைத்துக் காட்டுவதில் படம் தொடங்குகிறது. குழந்தை பேசப் பழகும் முதல் சொற்களில் ‘சுவர்’ இருக்கிறது, ‘தோட்டா’ இருக்கிறது.

இந்தப் படத்தில் இஸ்ரேலியச் சிப்பாயின் வீட்டுக் கதை கிடையாது. வேலிக்கு இஸ்ரேல் காரணமாகச் சொல்லும் தற்கொலைத் தாக்குதல்கள் பற்றிப் பெரிதாகப் பேச்சும் கிடையாது. ஆனால் படம் எங்கிருந்து பார்க்கிறது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. இது என் கேமரா, என் வீடு, என் நிலம் என்கிறார் மனிதர். நடுவில் நின்று பேசுவதாக அவர் எங்கும் நடிக்கவில்லை. வேலியின் தடத்தை மாற்றச் சொல்லி 2007இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது, 2011இல்தான் வேலி நகர்ந்தது. அந்த நிலத்தில் பாதிக்கப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்வதை நான் குறையாக எண்ணுவதில்லை.

நிலைப்பாடு இருப்பது ஒன்று. பார்ப்பவரிடம் தெரிய வேண்டியதை மறைப்பது வேறு. எனக்குப் பிரச்சினை இரண்டாவதோடுதான்.

மறைப்பது என்றால் எதை?

சமீபத்திய உதாரணம் பிபிசியிடமே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ‘காசா: ஹவ் டு சர்வைவ் எ வார்ஸோன்’ என்ற படம் ஒளிபரப்பானது. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் நம்மைக் காசாவுக்குள் கூட்டிப்போகிறான். நல்ல ஆங்கிலம், துறுதுறுப்பான பையன். சில நாட்களில் அவனுடைய தந்தை ஹமாஸ் நடத்தும் அரசில் துணை வேளாண் அமைச்சர் என்பது வெளியே வந்தது. படத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிபிசி தன் இணையத் தளத்திலிருந்து படத்தை எடுத்தது. ஜூலையில் வந்த உள் விசாரணை அறிக்கை, தயாரிப்பு நிறுவனத்தில் மூன்று பேருக்கு இந்த விஷயம் முன்பே தெரியும் என்றது. பிபிசியின் துல்லியம் குறித்த விதி மீறப்பட்டிருக்கிறது என்றும் சொன்னது. அக்டோபரில் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம், படம் பார்வையாளர்களைக் கணிசமாகத் திசைதிருப்பியது என்று தீர்ப்பு சொன்னது.

இதே விசாரணை அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. தந்தையோ குடும்பமோ படத்தின் உள்ளடக்கத்தில் தலையிட்டதற்கு ஆதாரம் இல்லை. அதாவது, பையன் காட்டிய இடிபாடும் பசியும் பொய்யல்ல. தொடக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும், படம் இன்று உயிரோடு இருந்திருக்கும். மறைத்ததால் அந்தப் பையனின் தந்தைதான் செய்தியானார், படத்தில் வந்த மற்றக் குழந்தைகள் அனைவரும் அதற்குக் கீழே புதைந்துபோனார்கள்.

அதன் தொடர்ச்சி இன்னும் விசித்திரம். காசா மருத்துவர்கள் பற்றி பிபிசி தானே எடுக்கச் சொன்ன வேறொரு படத்தை, ஒளிபரப்பினால் பாரபட்சம் என்ற தோற்றம் வரும் என்று சொல்லி 2025 ஜூனில் கைவிட்டது. ஜூலையில் சேனல் 4 அதை ஒளிபரப்பியது. சூடு கண்ட பூனை பாலையும் குடிக்கவில்லை.

படத்தை வெட்டி ஒட்டும்போது பொய் சொல்ல முடியாதா?

முடியும். எடிட்டிங் மேசையில்தான் அதிகம் நடக்கும். அதற்கு ‘ஜெனின், ஜெனின்’ கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2002 ஏப்ரலில் ஜெனின் அகதிகள் முகாமுக்குள் இஸ்ரேல் ராணுவம் புகுந்தது. சண்டை நடந்தபோது பத்திரிகையாளர்களை உள்ளே விடவில்லை. ஐநூறு பேர் வரை கொல்லப்பட்டதாகப் பாலஸ்தீன அதிகாரிகள் சொன்னார்கள். ஐ.நா. அனுப்ப நினைத்த உண்மை அறியும் குழு போகவே முடியாமல் கலைக்கப்பட்டது. பிறகு வந்த ஐ.நா. அறிக்கை பாலஸ்தீனர் குறைந்தது 52 பேர், இஸ்ரேல் சிப்பாய்கள் 23 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் 52 என்றே சொன்னது. கூட்டுப் படுகொலைக்கு ஆதாரம் இல்லை, ஆனால் போர்க்குற்றங்கள் நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறது என்பது அதன் முடிவு. பாதி வாக்கியத்தை இஸ்ரேல் தரப்பும் மறுபாதியைப் பாலஸ்தீனத் தரப்பும் இன்றுவரை மேற்கோள் காட்டிவருகின்றன.

முகாமுக்குள் போய்ப் படம் எடுத்தவர் முகம்மது பக்ரி. இஸ்ரேலியக் குடியுரிமை பெற்ற பாலஸ்தீன நடிகர். வர்ணனை கிடையாது. முகாம் மக்கள் பேசுகிறார்கள், அவர் கேட்கிறார், அவ்வளவுதான். சொல்வது உண்மையா என்று யாரையும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. ஓரிடத்தில் கவச வாகனம் நகர்கிறது, தரையில் படுக்கவைக்கப்பட்ட கைதிகள் தெரிகிறார்கள், ஷாட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. வண்டி அவர்கள் மேல் ஏறியது போன்ற எண்ணம் பார்ப்பவருக்கு வரும். அப்படி ஏறியதாகப் படத்தில் யாரும் சொல்லவில்லை. அது தன்னுடைய கலைத் தேர்வு என்று பக்ரி பின்னால் சொன்னார். நான் அவரை மதிப்பவன், ஆனாலும் அந்த வெட்டை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அழுதுகொண்டிருந்த முதியவர்களின் சாட்சியத்துக்கு அந்த ஒட்டு தேவையே இல்லை.

அரசு தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது. உண்மை எது என்று முடிவு செய்யும் ஏகபோகம் தணிக்கைக் குழுவுக்குக் கிடையாது என்ற தொனியில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. வழக்கு அத்தோடு முடியவில்லை. படத்தில் சில விநாடிகள் முகம் தெரியும் ரிசர்வ் படை அதிகாரி ஒருவர், கொள்ளையடித்தவனாகத் தன்னைக் காட்டுகிறார்கள் என்று வழக்குப் போட்டார். 2021 ஜனவரியில் லோத் மாவட்ட நீதிமன்றம் இஸ்ரேலில் படத்தைத் திரையிடத் தடை விதித்து 1,75,000 ஷெக்கல் நஷ்டஈடு தரச் சொன்னது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவதூறு இருந்தால் அந்தச் சில விநாடிகளை நீக்கச் சொல்லலாமே, ஒரு முகாமின் சாட்சியம் முழுவதையும் ஏன் பூட்ட வேண்டும்? இருபது வருடமாக இந்தக் கேள்வியும் அந்த வெட்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டே இருக்கின்றன.

இரண்டு பக்கத்தையும் சமமாகக் காட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

‘பிராமிசஸ்’ (2001) அதைத்தான் முயன்றது. ஜெருசலேமிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏழு குழந்தைகள்: மேற்குக் கரையில் இஸ்ரேலியர் கட்டிய குடியேற்றத்தில் வளரும் யூதச் சிறுவன், மேற்கு ஜெருசலேம் இரட்டையர்கள், தெஹைஷே அகதிகள் முகாமின் பாலஸ்தீனக் குழந்தைகள். ஒருவருக்கொருவர் இருபது நிமிட தூரத்தில் வாழ்கிறார்கள், சந்தித்தது கிடையாது. அருமையான படம். ஆனால் கவனித்துப் பாருங்கள்: இரட்டையர்கள்தான் முகாமுக்கு வருகிறார்கள். முகாம் பையன் நினைத்தால் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிப் போக முடியாது, சோதனைச் சாவடி இருக்கிறது. திரையில் ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். சாலையில் அப்படிப் பிரிக்கப்படவில்லை.

‘நோ அதர் லேண்ட்’ இந்த வித்தியாசத்தை வண்டி நம்பர் பிளேட்டில் காட்டுகிறது. படத்தின் இஸ்ரேலிய இயக்குநர் யுவால் ஆபிரகாமின் காரில் இஸ்ரேலின் மஞ்சள் பிளேட். எங்கும் போகலாம், இரவில் ஜெருசலேம் வீட்டுக்குத் திரும்பலாம். சேர்ந்து இயக்கிய பாலஸ்தீனர் பாசல் அத்ராவுக்கு அது கிடையாது. நண்பர்கள் இருவரும் நடுராத்திரியில் ஹூக்கா புகைத்துக்கொண்டு பேசும் காட்சிகளில் இது சொல்லாமலே தெரியும். யுவாலின் அவசரத்தைப் பார்த்துப் பாசல் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு: பல காலமாக நடப்பதைப் பத்தே நாளில் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போக நினைக்கிறாய் என்பதுபோல.

இரு நாட்டவரும் சேர்ந்து எடுத்தால் நம்பலாம்தானே?

சேர்ந்து எடுத்தால் இரண்டு பக்கமும் அடி விழும். அதுதான் அனுபவம்.

‘நோ அதர் லேண்ட்’ இயக்குநர்கள் இரண்டு பாலஸ்தீனர், இரண்டு இஸ்ரேலியர்: பாசல் அத்ரா, ஹம்தான் பல்லால், யுவால் ஆபிரகாம், ரேச்சல் ஸோர். இடம், ஹெப்ரோனுக்குத் தெற்கே மசாஃபர் யத்தா. 1980களில் ராணுவம் அதைத் துப்பாக்கிப் பயிற்சிப் பகுதி 918 என்று அறிவித்தது. மக்கள் அங்கே நிரந்தரமாக வாழவில்லை என்பது அரசின் வாதம். தலைமுறைகளாக இருக்கிறோம் என்பது மக்களின் வாதம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. ஜெனரேட்டரைப் பிடுங்கிப் போகவிடாமல் தடுத்த இளைஞன் சுடப்பட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்து குகையில் கிடப்பதையும், பள்ளிக்கூடம் இடிக்கப்படுவதையும் படம் காட்டுகிறது. முன்னாள் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் ஒரு தெருவில் ஏழு நிமிடம் நடந்துவிட்டுப் போனதும் அந்தத் தெருவின் இடிப்பு உத்தரவு மட்டும் ரத்தானது. கசப்பான நகைச்சுவை.

2024இல் பெர்லின் திரைப்பட விழாவில் விருது வாங்கி யுவால் பேசியதை ஜெர்மன் அரசியல்வாதிகள் சிலர் யூத வெறுப்பு என்றார்கள். பேசியவரோ யூதர். 2025 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தபோது, இது சினிமா உலகுக்குச் சோகமான தருணம் என்றார் இஸ்ரேலின் கலாசார அமைச்சர். அதே மாதம், பாலஸ்தீனப் பண்பாட்டுப் புறக்கணிப்பு இயக்கமும் படத்தைக் குறை சொன்னது: இஸ்ரேலியரோடு சகஜ உறவு காட்டும் படம், எங்கள் விதிகளுக்கு எதிரானது என்று. அமெரிக்காவில் வாங்கி வெளியிட ஒரு பெரிய நிறுவனமும் முன்வரவில்லை. மயாமி பீச்சில் படம் போட்ட திரையரங்கின் குத்தகையையே ரத்து செய்ய மேயர் முயன்று, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார். ஆஸ்கர் வாங்கி மூன்றே வாரத்தில் ஹம்தான் பல்லால் தன் ஊரில் குடியேற்றக்காரர்களிடம் அடி வாங்கி, ராணுவக் காவலில் ஓர் இரவைக் கழித்தார்.

‘5 புரோக்கன் கேமராஸ்’ படத்துக்கும் இணை இயக்குநர் இஸ்ரேலியர்தான், கய் டவிடி. இஸ்ரேலியப் பணமும் உண்டு. 2013 ஆஸ்கர் பட்டியலில் வந்தபோது அது இஸ்ரேலியப் படமா பாலஸ்தீனப் படமா என்று ஒரு பெரிய சண்டை. வீடு யாருடையது என்ற சண்டையில் வாசல் கோலம் யாருடையது என்று கேட்பது மாதிரி.

இஸ்ரேலியத் தரப்பு மட்டும் பேசும் நல்ல படம் இல்லையா?

இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்ததே அதுதான். ரானான் அலெக்ஸாண்ட்ரோவிச் எடுத்த ‘தி லா இன் தீஸ் பார்ட்ஸ்’ (2011). மேற்குக் கரை, காசா ராணுவ நீதிமன்றங்களை உருவாக்கி நடத்திய நீதிபதிகளும் சட்ட அதிகாரிகளும் மட்டுமே பேசுகிறார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, பின்னால் பழைய காட்சிகள். தீர்ப்புக்கு ஆளானவர்கள் யாரும் நேர்காணலுக்கு வருவதில்லை. படத்தை வெட்டிச் சேர்ப்பவன் நான், இங்கே நானும் ஒரு நீதிபதியாகத்தான் இருக்கிறேன் என்பதை இயக்குநர் தானே ஒத்துக்கொள்கிறார்.

அதில் ஒரு சேவல் வரும். 1979இல் எலோன் மோரே என்ற குடியேற்றம் பற்றிய வழக்குக்குப் பிறகு, ராணுவத் தேவை என்று சொல்லித் தனியார் நிலத்தைப் பிடித்துக் குடியேற்றம் கட்டுவது கடினமானது. மாற்று வழி தேடினார் அன்றைய வேளாண் அமைச்சர் ஏரியல் ஷரோன். அலெக்ஸாண்டர் ரமாத்தி என்ற ராணுவச் சட்ட அதிகாரிக்கு ஒட்டோமான் காலச் சட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது: ஊர் எல்லையில் சேவல் கூவினால் சத்தம் எட்டாத நிலம் ‘செத்த நிலம்’, பயிரிடாமல் கிடந்தால் அது அரசுக்குச் சொந்தம். இதை அந்த வயதான மனிதர் தன் சாமர்த்தியத்தைத் தானே ரசித்தபடி சொல்கிறார். ஆக்கிரமிப்பைப் பற்றி நூறு பேச்சாளர்கள் மேடையில் கத்தியிருந்தாலும் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

இஸ்ரேலின் உள்நாட்டு உளவுத்துறையான ஷின் பெத்தின் முன்னாள் தலைவர்கள் ஆறு பேரைப் பேசவைத்த ‘தி கேட்கீப்பர்ஸ்’ படமும் இந்த வகைதான்.

துணைத்தலைப்பில் என்ன பாரபட்சம் வந்துவிடப் போகிறது?

நிறைய. மேலே சொன்ன பிபிசி காசா படத்தில் மக்கள் ‘யஹூத்’ (அரபியில் யூதர்) என்று சொன்ன இடங்களில் ‘இஸ்ரேலியர்’ என்று போட்டார்கள். யூத வெறுப்பைப் பூசி மறைக்கிறார்கள் என்று ஒரு பக்கம். காசாவில் வளர்ந்தவர் பார்த்த யூதர்களெல்லாம் ராணுவ உடையில்தான், அவர் அந்தச் சொல்லால் குறிப்பது ராணுவத்தைத்தான் என்று மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி போட்டுவிட்டுப் பார்ப்பவரை யோசிக்க விடுவதே சரி என்பேன்.

இதில் நானும் சறுக்கியவன். ஒரு குறும்படத்துக்குத் தமிழில் வரிகள் எழுதினேன். மலைமேல் வீடு கட்டி ஆயுதத்தோடு இறங்கி வருபவரை ‘குடியேறியவர்’ என்று எழுதிவிட்டேன். பிழைக்க வந்த ஏழைக் குடும்பம் போல ஆகிவிட்டது. ‘குடியேற்றக்காரர்’ என்று மாற்றினேன். அடுத்து ‘ஷஹீத்’. ‘தியாகி’ என்று போட்டேன். பாலஸ்தீனப் பேச்சு வழக்கில் குண்டு விழுந்து இறந்த கைக்குழந்தையும் ஷஹீத்தான். தமிழில் தியாகி என்றால் தானாக உயிரைக் கொடுத்தவர். ஒரு தாயின் அழுகை, என் ஒரு சொல்லால் போர்முழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் இருந்த ஓர் அம்மா, “ஷஹீத்னே போடுங்க தம்பி, எங்க வீட்ல எல்லாருக்கும் புரியும்” என்றார். அப்படியே போட்டேன்.

‘சுவர்’ என்றாலும் ‘வேலி’ என்றாலும், ‘மேற்குக் கரை’ என்றாலும் ‘யூதேயா, சமாரியா’ என்றாலும், இஸ்ரேல் உருவான 1948ஐ ‘நக்பா’ (பேரழிவு) என்றாலும் ‘விடுதலைப் போர்’ என்றாலும் ஒரு பக்கம் நின்றாகிவிட்டது. நடுநிலைச் சொல் கிடைக்குமா என்று தேடிக் களைத்தவன் நான்.

இப்போது காசாவுக்குள் யார் படம் எடுக்கிறார்கள்?

2023 அக்டோபர் முதல், வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் சுதந்திரமாக உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. ராணுவம் கூட்டிப்போகும் சில மணி நேரம் மட்டும். அதனால் இயக்குநர் லண்டனிலோ பாரிஸிலோ இருப்பார், கேமரா காசாக்காரர் கையில். அவரே பசியிலும் குண்டுவீச்சிலும் இருப்பவர், தன்னிச்சையாக எங்கும் போக முடியாது, ஹமாஸைப் பற்றி வெளிப்படையாகப் பேசினாலும் ஆபத்து. இதெல்லாம் படத்தில் தெரியும், தெரியவும் வேண்டும். ஈரானிய இயக்குநர் செபிதே ஃபார்சி, காசா புகைப்படக் கலைஞர் ஃபாத்திமா ஹசூனாவோடு பேசிய வீடியோ அழைப்புகளையே படமாக்கினார். இணைப்பு அறுந்து அறுந்து வரும் அந்த முகம்தான் படம். அது கான் விழாவின் ஒரு பிரிவுக்குத் தேர்வான அறிவிப்பு வந்த மறுநாள், 2025 ஏப்ரல் 16 அன்று, இஸ்ரேல் குண்டுவீச்சில் ஃபாத்திமா குடும்பத்தாரோடு கொல்லப்பட்டார். ஹமாஸ்காரர் ஒருவரைக் குறிவைத்ததாக ராணுவம் சொன்னது.

அக்டோபர் 7 பற்றிய படங்களை ஏன் போடுவதில்லை?

போட்டிருக்கிறோம், இனியும் போடுவோம். 2023இல் ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட நாளைப் பார்க்க மறுப்பவர், காசாவைப் பார்க்க மறுப்பவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் படங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: பல காட்சிகளை எடுத்தவர்கள் கொன்றவர்களே. உடலில் கட்டிய கேமராவோடு வந்தார்கள். 2025இல் டொராண்டோ விழா, தன் குடும்பத்தை மீட்கப் போன ஓய்வுபெற்ற ஜெனரல் நோவாம் திபோன் பற்றிய படத்துக்கான அழைப்பைத் திரும்பப் பெற்றது. அந்தக் காட்சிகளுக்கு உரிமை வாங்கியாகிவிட்டதா என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஹமாஸிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டுமா என்று உலகமே கேட்டது. விழாக்குழு மன்னிப்புக் கேட்டுப் படத்தைத் திரும்பச் சேர்த்தது, ஆவணப்படத்துக்கான பார்வையாளர் விருதும் அதற்கே போனது.

விருது வாங்கிய படம் என்றால் நம்பகமானதா?

இல்லை. நன்றாக எடுக்கப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம், சில நேரம் அதுவும் கிடையாது.

இதையெல்லாம் பார்த்து யாராவது மனம் மாறியிருக்கிறார்களா?

சேவல் படம் எடுத்த அதே அலெக்ஸாண்ட்ரோவிச்சுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அதிலிருந்து பிறந்தது ‘தி வியூயிங் பூத்’. பிலடெல்பியாவில் ஒரு சிறிய அறை. இஸ்ரேலை ஆதரிக்கும் அமெரிக்க யூத மாணவி ஒருத்தி தனியாக உட்கார்ந்து, பெட்செலம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பின் வீடியோக்களைப் பார்க்கிறாள். ஹெப்ரோனில் நள்ளிரவில் சிப்பாய்கள் ஒரு வீட்டுக்குள் புகுந்து குழந்தைகளை எழுப்புகிறார்கள். அவள் முகம் வாடுகிறது. உடனே கேட்கிறாள்: இதை எடுத்தவர் ஏன் இந்த இடத்தில் நின்றார்? இதற்கு முன்னால் என்ன நடந்தது? இது நடிப்பா? நான் கூட்டத்தில் கற்றுக்கொடுக்க விரும்பும் கேள்விகள் எல்லாமே அவளுக்குத் தெரிந்திருக்கின்றன. அத்தனையையும், தான் ஏற்கனவே நம்புவதைக் காப்பாற்றிக்கொள்ளப் பயன்படுத்துகிறாள். ஆறு மாதம் கழித்து இயக்குநர் அவளைத் திரும்ப அழைத்து, அவள் பார்த்ததை அவளுக்கே போட்டுக் காட்டுகிறார். நம்பிக்கை பெரிதாக அசையவில்லை.

எங்கள் திரையிடலில் இந்தப் படத்துக்கு மட்டும் யாரும் முதலில் கை தூக்கவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம்?

‘5 புரோக்கன் கேமராஸ்’ ஒரு நாள், ‘தி லா இன் தீஸ் பார்ட்ஸ்’ மறுநாள். பில்இன் வயலில் நிற்பவரைப் பார்த்த கையோடு, நிலத்தைப் பிடிக்கும் சட்டத்தை எழுதியவர்களையும் பாருங்கள். இரண்டாவது படம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், சேவல் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.